துப்பாக்கி 500 டாலர், மீதி எவ்வளவு?

அமெரிக்காவில் இருக்கும் வாசகர்கள் முதல் கைத்துப்பாக்கி வாங்குவது பற்றி எழுதிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த முறை முழு இடமும் அவற்றுக்கே.

கே: க்ரீன் கார்டு கைக்கு வந்தாயிற்று. வீட்டுப் பாதுகாப்புக்குக் கைத்துப்பாக்கி வாங்க 800 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். அந்த விலைக்கு எது நல்லது?
(டாலஸ் வாசகர்)

ப: 800 டாலர் அலமாரிப் பக்கம் போகாதீர்கள். 350 முதல் 500 வரை பாருங்கள். மீதியை நான் செலவழித்துத் தருகிறேன். பொத்தான் அழுத்தித் திறக்கும் உருப்படியான இரும்புப் பெட்டகம் 150. புதியவர்களுக்கான வகுப்பு 100, 150. காதுக்கும் கண்ணுக்கும் கவசம் 40. 9 எம்.எம். பயிற்சித் தோட்டா ஒன்று 25, 30 சென்ட் ஆகிறது. தொடக்கத்தில் 500 தோட்டாவாவது சுட வேண்டும், அதற்கு 125க்குக் குறையாது. துப்பாக்கி சுடும் ரேஞ்சின் கட்டணம் தனி. கூட்டிப் பாருங்கள், துப்பாக்கி விலை இன்னொரு முறை வந்து நிற்கும். 800ஐயும் கல்லாவில் கட்டிவிட்டு, வாங்கியதைத் துணி அலமாரியில் துண்டுக்கு அடியில் வைத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற வேலை அது.

முதல் துப்பாக்கியிடம் நாம் கேட்பது கொஞ்சம்தான். விசையை இழுத்தால் வெடிக்க வேண்டும், இழுக்காவிட்டால் வெடிக்கக் கூடாது. உங்கள் கைக்கு அடங்க வேண்டும். அதற்கான தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்க வேண்டும். 1988ல் வந்த க்ளாக் 19ஐ அமெரிக்கர்கள் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். 500, 600 டாலருக்குக் கிடைக்கிறது. அதற்குக் கீழேயும் ரூகர், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் போன்றவர்கள் 300லிருந்து 400 டாலருக்கு நம்பகமான பிஸ்டல்கள் போடுகிறார்கள். 400 டாலர் துப்பாக்கிக்கும் 800 டாலர் துப்பாக்கிக்கும் உள்ள வித்தியாசம் புதிதாகச் சுடுகிறவர் கைக்குத் தெரியாது. வகுப்புக்குப் போனவருக்கும் போகாதவருக்கும் உள்ள வித்தியாசமோ 7 கஜத்தில் தொங்கும் தாளிலேயே தெரிந்துவிடும். வலது கைக்காரர் டிரிகரை வெடுக்கென்று இழுத்தால் ஓட்டைகள் இடது பக்கம் கீழே போய் விழும். துப்பாக்கியை மாற்றினாலும் அவை அங்கேதான் விழும்.

கே: ஹை-பாயின்ட் 200 டாலருக்குக் கிடைக்கிறது. வெடிக்குமா?
(கொலம்பஸ் வாசகர்)

ப: வெடிக்கும். உங்கள் ஒஹையோவிலேயே தயாராவது. யார் கையில் இருந்தாலும், எத்தனை கை மாறி வந்திருந்தாலும், ஆயுளுக்கும் இலவசமாகச் சரிசெய்து தருகிறார்கள். 200 டாலர் பொருளுக்கு இது பெரிய விஷயம்.

விலை எங்கே குறைந்தது என்று பாருங்கள். விலையுயர்ந்த பிஸ்டல்களில் வெடிக்கும் கணத்தில் குழலும் அதன் மேல் முன்பின் நகரும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். அழுத்தம் இறங்கிய பிறகே பிரியும். ஹை-பாயின்டில் அந்தப் பூட்டு இல்லை. ஸ்லைடின் எடையே வெடிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது. அதனால் ஸ்லைடு பருமனாக இருக்கிறது. அதைத் துத்தநாகக் கலவையில் அச்சு வார்த்து எடுக்கிறார்கள். எஃகைக் கடைந்தெடுக்கும் செலவு மிச்சம். தோட்டா போடாமலே 800 கிராமுக்கு மேல் எடை, அதுவும் மேல்பக்கமாகக் கனக்கும்.

துத்தநாகத் துப்பாக்கிக்கு அமெரிக்காவில் நல்ல பெயர் கிடையாது, அதற்குக் காரணம் உண்டு. 1968ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டு மலிவுத் துப்பாக்கிகளைத் துறைமுகத்திலேயே நிறுத்தியது. உள்நாட்டுத் தயாரிப்புக்கு அந்தத் தடை பொருந்தவில்லை. லாஸ் ஏஞ்சலிஸைச் சுற்றி ரேவன், லார்சின், பிரைகோ, டேவிஸ் என்று தொழிற்சாலைகள் முளைத்தன. உள்ளங்கைக்குள் அடங்கும் பிஸ்டல்களை அடிமாட்டு விலைக்கு லட்சக்கணக்கில் தள்ளினார்கள். அவற்றில் பல, கைதவறி விழுந்தாலே வெடிக்கக் கூடியவை. ஹவாய், இல்லினாய் போன்ற மாநிலங்கள் 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் உருகும் உலோகத்தில் செய்த கைத்துப்பாக்கியைக் கடையில் விற்கக் கூடாது என்று உருகுநிலையையே சட்டத்தில் எழுதியது இதனால்தான். அந்தக் கம்பெனிகள் மூடியாயிற்று. சரக்கு மட்டும் அடகுக் கடைகளில் இன்னும் 75, 100 டாலர் சீட்டோடு கிடக்கிறது. அதை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஹை-பாயின்டை அந்தக் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன். ஆனாலும் இரண்டு மாதம் பொறுத்து இன்னும் 150 டாலர் சேர்க்க முடியுமானால் சேர்த்துவிடுங்கள். கையில் பிடிக்கச் சுகமில்லாத துப்பாக்கியை எடுத்துக்கொண்டு யாரும் ரேஞ்சுக்குப் போவதில்லை.

கே: ஆபீஸ் நண்பர் 2,500 டாலருக்கு ஒரு 1911 வாங்கியிருக்கிறார். அவ்வளவு தகுமா?
(ஹூஸ்டன் வாசகர்)

ப: அவருக்குத் தகும், அவருக்குச் சுடத் தெரிந்திருந்தால். ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911 முதல் 1985 வரை அமெரிக்க ராணுவத்தின் இடுப்பில் இருந்த துப்பாக்கி அது. 2,500 டாலரில் பெரும்பங்கு, ஒவ்வொரு பாகத்தையும் கையால் தேய்த்துப் பொருத்திய கைவினைஞருக்குப் போகிறது. டிரிகர் கண்ணாடிக் குச்சி உடைவதுபோல் சன்னமாக விடுபடும். தேர்ந்தவருக்கு அது வரம். பதற்றத்தில் விரலை எங்கே வைப்பது என்றே இன்னும் பழகாதவருக்கு அந்த மென்மை ஆகாது. அதே 2,500ல் நீங்கள் 500 டாலர் பிஸ்டலும் 6,000, 7,000 தோட்டாவும் வாங்கலாம். அத்தனையையும் ஒழுங்காகச் சுட்டு முடித்த பிறகு அவரோடு ரேஞ்சுக்குப் போங்கள்.

கே: மனைவிக்குச் சின்னதாக, இலேசாக ஒன்று வாங்கித் தர நினைக்கிறேன். கடைக்காரரும் அதையே சொல்கிறார்.
(சார்லட் வாசகர்)

ப: கடைக்காரர் சொன்னார், நீங்கள் சொன்னீர்கள். உங்கள் மனைவி என்ன சொன்னார்?

இந்தத் தவறு அமெரிக்கா முழுக்க நடக்கிறது. சிறிய கைக்குச் சிறிய துப்பாக்கி என்று கணக்குப் போடுகிறார்கள். துப்பாக்கியில் கணக்கு நேர்மாறு. ரூகர் எல்.சி.பி. 270 கிராம்தான், க்ளாக் 19 காலியாக 600 கிராம். எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பலமாக உதைக்கும். பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரலுக்கு இடமில்லை. ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் துப்பாக்கி கைக்குள் நழுவும். 400 கிராம் ரிவால்வர்களின் கதையும் இதுவே, கூடவே டிரிகரும் கடினம். ரேஞ்சில் பார்த்திருக்கிறேன்: கணவர் ஆசையாக வாங்கிக் கொடுத்த குட்டிப் பிஸ்டலை முதல் மேகசின் தோட்டா முடியுமுன் மேஜையில் வைத்துவிட்டு, உள்ளங்கையை உதறிக்கொண்டு, போதும் போகலாம் என்பார்கள். அன்றோடு பயிற்சி முடிந்தது. பக்கத்து வரிசைக்காரர் ஒரு நடுத்தர அளவு 9 எம்.எம்.மைக் கொடுத்தால் அதே கை அரைமணி நேரம் சலிக்காமல் சுடுகிறது.

அவரையே கடைக்குக் கூட்டிப் போங்கள். துப்பாக்கி காலி என்று கடைக்காரரும் அவரும் கண்ணால் பார்த்த பிறகு கையில் வாங்கட்டும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை, பிடியின் மேல் விளிம்புவரை ஏறி உட்கார வேண்டும். அப்படிப் பிடித்தபடியே ஆட்காட்டி விரலின் நுனிச் சதை டிரிகரில் படிய வேண்டும். எட்டி எட்டித் தொட்டால் அந்தப் பிடி அவருக்குப் பெரிது. ஸ்லைடை இழுக்க முடியவில்லை என்றால் உடனே பலமில்லை என்று முடிவு கட்டாதீர்கள், பெரும்பாலும் முறை தெரியாததுதான் காரணம். துப்பாக்கியை நெஞ்சோடு அணைத்தாற்போல் கொண்டுவந்து, குழலை யாரும் இல்லாத பக்கம் நீட்டி, இடது கையால் ஸ்லைடை இறுகப் பற்றிக்கொண்டு வலது கையால் பிடியை முன்னே தள்ளச் சொல்லுங்கள். அப்படியும் முடியாவிட்டால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு ஈ.இசட். போல இலகுவான ஸ்லைடு வைத்தே செய்தவை இருக்கின்றன. பிறகு வாடகைத் துப்பாக்கி தரும் ரேஞ்சில் மூன்று நான்கைச் சுட்டுப் பார்க்கட்டும். அந்த வாடகைக் காசுதான் இந்த வியாபாரத்திலேயே நன்றாகச் செலவாகும் காசு.

கே: பிஸ்டலா, ரிவால்வரா?
(அட்லாண்டா வாசகர்)

ப: அடிக்கடி சுடப் போகிறவருக்குப் பிஸ்டல். ரிவால்வரில் இயக்கம் எளிது. ஆனால் டிரிகர் கனம், 5 அல்லது 6 தோட்டா, நல்ல ரிவால்வரின் விலையும் இப்போது கூடுதல்.

கே: போலீஸ் பயன்படுத்திய பழைய துப்பாக்கி 350 டாலருக்கு வருகிறது. நம்பி வாங்கலாமா?
(ஃபீனிக்ஸ் வாசகர்)

ப: என்னைக் கேட்டால் குறைந்த காசுக்கு நிறைந்த மதிப்பு இங்கேதான். போலீஸ்காரர் துப்பாக்கி உறைக்குள் போய் வந்தே தேய்ந்திருக்கும். வருடத்துக்குச் சில முறை தகுதித் தேர்வுக்குச் சுட்டதோடு சரி. மேலே சாயம் போயிருந்தால் கவலைப்படாதீர்கள். குழலுக்குள் விளக்கடித்துப் பாருங்கள், சுழல் கோடுகள் கூர்மையாக இருக்க வேண்டும், குழி விழுந்திருக்கக் கூடாது. மேகசினின் வாய் விளிம்பு வளைந்திருக்கக் கூடாது. இருட்டில் ஒளிரும் குறிப்புள்ளி இருந்தால் விளக்கை அணைக்கச் சொல்லிப் பாருங்கள். அதில் இருப்பது டிரிட்டியம். 12 வருடத்தில் பாதி ஒளி போய்விடும். மங்கியிருந்தால் புதிது போட 100 டாலருக்கு மேல், அதை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, குழலில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். மலிவாக வருபவற்றில் நிறைய .40 ரகம். 1990ல் வந்த அந்தத் தோட்டாவைப் போலீஸ் துறைகள் விழுந்து விழுந்து வாங்கின. பிறகு எஃப்.பி.ஐ. 9 எம்.எம்.முக்கே திரும்பிவிட, மற்றத் துறைகளும் பின்னால் போயின. பழையதெல்லாம் சந்தைக்கு வந்துவிட்டது. துப்பாக்கியில் 100 டாலர் மிச்சம் பிடிப்பீர்கள். .40 தோட்டா 9 எம்.எம்.மைவிட விலை அதிகம், உதைப்பும் அதிகம். மிச்சம் பிடித்த 100, சில மாதப் பயிற்சியில் காணாமல் போகும்.

கே: கூடுதல் விலை கொடுத்தால் பாதுகாப்பு கூடும் அல்லவா?
(சியாட்டில் வாசகர்)

ப: அப்படி ஒரு விதி இல்லை. சிக் சாவரின் பி320 மலிவுச் சரக்கல்ல. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த வடிவம். அதே ஆண்டு ஆகஸ்டில், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று வெளியே வந்தது. கம்பெனி இலவசமாகப் பாகங்களை மாற்றித் தர முன்வந்தது. ரூகர் எல்.சி.பி.யை 2008ல் திரும்ப அழைத்தார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2020ல் 9 எம்.எம். ஈ.இசட். ரகத்தில் ஒரு பகுதியைத் திரும்ப அழைத்தது. மூன்றும் பேர் பெற்ற கம்பெனிகள்.

என்னைக் கொதிக்க வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் குழந்தைத் தொட்டிலையும் பொம்மையையும் சந்தையிலிருந்து திரும்பப் பெற வைக்க அரசு ஆணையம் இருக்கிறது. 1972ல் அந்த ஆணையத்துக்கான சட்டத்தை எழுதியபோதே துப்பாக்கியை அதன் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டார்கள். துப்பாக்கியில் குறை இருந்தால் கம்பெனி தானாக முன்வந்தால் உண்டு. ஆகவே பழையது வாங்கினாலும் புதியது வாங்கினாலும், பணம் கட்டுமுன் அதன் வரிசை எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பார்ப்பது உங்கள் பொறுப்பாகிறது.

கே: கைரேகை வைத்தால் திறக்கும் பெட்டகம் நல்லதா? வீட்டில் 6 வயதுக் குழந்தை. ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்கப் போகிறார்கள்.
(எடிசன் வாசகி)

ப: பெட்டகம் வாங்குவது என்ற முடிவுக்கு முதலில் என் கும்பிடு. எண் பொத்தான் உள்ளதையே வாங்குங்கள் என்பது என் கட்சி. 2023 அக்டோபரில் ஒரு கம்பெனியின் கைரேகைப் பெட்டகங்கள் சுமார் 61,000 திரும்பப் பெறப்பட்டன. கைரேகையைப் பதித்துவிட்டோம் என்று உரிமையாளர் நினைத்துக்கொண்டிருக்க, யார் விரல் வைத்தாலும் கதவு திறந்தது. அப்படி ஒரு பெட்டகத்திலிருந்து எடுத்த துப்பாக்கியால் 12 வயதுப் பையன் ஒருவன் இறந்ததாக வழக்கும் உண்டு. பெட்டகத்தைத் திரும்பப் பெற வைக்க அந்த ஆணையத்தால் முடிந்தது. உள்ளே இருந்தது அதன் வரம்பில் இல்லை.

கைரேகைப் பெட்டகமே வாங்குவதானால் உங்கள் வீட்டார் எல்லோருடைய விரலையும் வைத்து, திறக்கவில்லை என்று பார்த்த பிறகே துப்பாக்கியை உள்ளே வையுங்கள். பெட்டகத்தைச் சுவரிலோ தரையிலோ திருகி இறுக்குங்கள், இல்லாவிட்டால் திருடன் பெட்டியோடு எடுத்துப் போவான். டீலரிடம் கைத்துப்பாக்கி வாங்கும்போது கூடவே ஒரு பூட்டு தர வேண்டும் என்பது 2005ல் இயற்றிய சட்டம். அந்தக் கம்பிப் பூட்டு வண்டியில் கொண்டு போகும்போது உதவும். வீட்டுக்கு அது மட்டும் போதாது.

அப்பா அம்மாவிடம் மறைக்காதீர்கள். வந்த முதல் நாளே சொல்லிவிடுங்கள்: இந்தப் பெட்டிக்குள் இது இருக்கிறது, துடைக்கவோ நகர்த்தவோ வேண்டாம். வீட்டை ஒழுங்கு பண்ணுவதுதான் அம்மாக்களின் அன்பு. தலையணைக்கு அடியில் இருந்ததை எடுத்து ஷெல்ஃபில் வைத்துவிடுவார்கள், பேத்தி கைக்கு எட்டும் உயரத்தில். அவர்கள் வருவது சுற்றுலா விசாவில் என்பதால் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கச் சட்டமும் இடம் தருவதில்லை.

கே: நண்பன் ஹெச்-1பி விசாவில் இருக்கிறான். பணம் அவனுடையது, கையெழுத்து மட்டும் என்னுடையது. 100 டாலர் எனக்குத் தருகிறானாம். செய்யலாமா?
(ஆஸ்டின் வாசகர்)

ப: கூடாது. டீலர் நீட்டும் 4473 படிவத்தில், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று கேள்வி இருக்கிறது. பொய்யாக ஆம் போட்டால் மத்தியச் சட்டப்படி குற்றம். 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி பினாமியாக வாங்குவதற்குச் சிறை 15 ஆண்டு வரை போகும். நீங்கள் க்ரீன் கார்டுக்காரர் என்றால் துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்தலுக்கும் காரணமாகும். நண்பருக்கும் சொல்லுங்கள்: தற்காலிக விசாக்காரர் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் மத்தியச் சட்டப்படி தடை, ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும் சேர்த்து. மாநில வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அது அவருக்குப் பொருந்துமா என்று வக்கீலிடம் அவர் காசில் கேட்டுக்கொள்ளட்டும்.

கே: தம்பிக்கு வேலை போய்விட்டது. தூங்குவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. அவன் இருக்கும் பகுதி சரியில்லை, பாதுகாப்புக்குத் துப்பாக்கி வேண்டும் என்கிறான். நல்லதாக எது வாங்கித் தரலாம்?
(சிகாகோ வாசகி)

ப: எதுவும் வேண்டாம் அம்மா. இப்போது வேண்டவே வேண்டாம். 2021ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். மற்ற வழிகளில் முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைத்து எழுகிறார்கள். துப்பாக்கியை எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. அந்த நெருக்கடி பல நேரம் சில நிமிடங்களில் கடந்துபோகக் கூடியது. அந்த நிமிடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்கக் கூடாது. அவரை உங்கள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் முளைத்துவிடாது. 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், அவருக்காக நீங்களும் அழைக்கலாம். வாசற்கதவுக்கு நல்ல பூட்டும் விளக்கும் போட்டுக் கொடுங்கள்.

கே: துப்பாக்கி விலைக்குள் மறைந்திருக்கும் வரி எங்கே போகிறது?
(ஃப்ரிமான்ட் வாசகர்)

ப: கைத்துப்பாக்கிக்கு 10 சதவீத மத்திய வரி, காட்டுயிர்ப் பாதுகாப்புக்கும் ரேஞ்ச் கட்டவும் போகிறது. உங்கள் கலிஃபோர்னியாவில் 2024 ஜூலையிலிருந்து அதற்கு மேல் 11 சதவீதம். எழுத்துத் தேர்வு, 10 நாள் காத்திருப்பு, மாநிலம் சோதித்து ஒப்புக்கொண்ட ரகங்களின் பட்டியல் என்பவையும் உண்டு. கீழே போட்டுச் சோதித்த பட்டியல் என்பதால் அதை நான் வரவேற்கிறேன்.

கே: அமெரிக்காக்காரர்களுக்கே சொல்கிறீர்கள். இங்கே எங்களுக்கு?
(மதுரை வாசகர்)

ப: 2014ல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று நிர்பீக் என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. எடை அரைக் கிலோ, விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். ஏறக்குறைய அதே அளவு ரிவால்வர் அமெரிக்காவில் 400, 500 டாலர். போட்டியில்லாத சந்தையில் விலைச்சீட்டு பொருளின் தரத்தைச் சொல்லாது. அதற்கும் முன் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம், பயிற்சிச் சான்று. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பு. சுடுவதில்தான் ஆசை என்றால் மாவட்ட ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுங்கள். .177 அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்டதற்கு உரிமம் தேவையில்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்றது அந்தப் போட்டியில்தான்.

கே: துப்பாக்கி வாங்கி ஒரு வருடமாகிறது, ரேஞ்சுக்கும் ஒழுங்காகப் போகிறேன். அடுத்த மாதம் சென்னைப் பயணம். சொல்ல ஏதாவது உண்டா?
(டாம்பா வாசகர்)

ப: ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். அடித்தையலுக்குள் ஒரு தோட்டா நழுவிக் கிடந்து, இந்திய விமான நிலைய எக்ஸ்ரேயில் மாட்டி, ஆயுதச் சட்டத்தில் வழக்கானவர்கள் பலர். தெரியாமல் இருந்தது என்று நீதிமன்றத்தில் காட்டி விடுபட்டவர்கள் உண்டு. அதற்குள் விடுமுறை போய், வக்கீல் ஃபீஸ் துப்பாக்கி விலையைத் தாண்டியிருக்கும். பயணத்துக்கு ரேஞ்சையே பார்க்காத பெட்டியை எடுங்கள். ரேஞ்சுக்குப் போட்டுப் போகும் ஜாக்கெட்டின் பைகளையும் வெளியே இழுத்து உதறிவிட்டு மடியுங்கள்.